திருகைக் கல்லும் மந்திரித்த ரொட்டியும்: பின் இடைக்கால இங்கிலாந்தில் திருச்சபை

1381 ஜூன் மாதம். இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதி முழுவதும் குடியானவர்கள் கிளர்ந்து எழுந்திருந்தார்கள். லண்டனுக்கு வடக்கே 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஒரு கூட்டம் பெனடிக்டின் துறவு மடத்துக்குள் புகுந்தது. புகுந்தவர்கள் ஓர் அறையின் தரையைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். அந்தத் தரையில் பாவியிருந்தவை எல்லாம் அவர்கள் ஊர்த் திருகைக் கற்கள்.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஊர் மக்கள் தானியத்தை மடத்துக்குச் சொந்தமான ஆலையில்தான் அரைக்க வேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும் என்பது மடத்தின் உரிமை. வீட்டிலேயே திருகை போட்டு அரைத்துக்கொண்டால் அந்த வருமானம் போய்விடும். கிளர்ச்சிக்கு ஏறக்குறைய 50 ஆண்டுகளுக்கு முன்பு ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் என்ற மடாதிபதி, வழக்காடி வென்று, ஊரிலிருந்த திருகைகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்து மடத்தின் தரையில் பதித்துவிட்டார். இவர் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கணித, வானியல் அறிஞர்களில் ஒருவர்; சூரிய சந்திரர்களின் ஓட்டத்தைக் காட்டும் வியப்பான கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர். அதே மனிதர்தான் ஏழை வீட்டுத் திருகையையும் பிடுங்கினார். தாத்தாவின் திருகைக் கல் மடத்தின் தரையில் மிதிபடுகிறது என்பதைப் பேரன்கள் மறக்கவில்லை.

பெயர்த்தெடுத்த கற்களை அவர்கள் அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சிறு சிறு துண்டுகளாக உடைத்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். அந்த மடத்துத் துறவியான தாமஸ் வால்சிங்கம் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பதிவு செய்திருக்கிறார். கிளர்ச்சிக்காரர்களை அடியோடு வெறுத்தவர் அவர். அவரே சொல்கிறார்: ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோயில்களில் மந்திரித்த ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பதைப்போலக் கொடுத்தார்கள் என்று.

பின் இடைக்கால இங்கிலாந்தில் திருச்சபைக்கு என்ன இடம் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். திருச்சபை மக்களைச் சுரண்டியது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். மக்கள் ஆழ்ந்த பக்தியோடு அதில் ஒன்றிக் கிடந்தார்கள் என்று இன்னொரு சாரார். செயின்ட் ஆல்பன்ஸில் இரண்டும் ஒரே கைகளில் இருக்கின்றன. மடத்தின் மேல் கோபம் கொண்டு தரையை உடைத்தவர்கள், அந்த வெற்றியைக் கொண்டாட வேறு சடங்கு எதையும் தேடவில்லை. கோயில் கற்றுக்கொடுத்த சடங்குதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பங்கீட்டு முறை. கோபத்தைச் சொல்லவும் திருச்சபையின் மொழியே வேண்டியிருந்தது.

அந்த மொழி எங்கே கற்றுக்கொள்ளப்பட்டது? பங்கில்தான், அதாவது ஒரு கோயிலையும் ஒரு குருவையும் சுற்றி அமைந்த ஊர்த் திருச்சபைப் பிரிவில்தான். இங்கிலாந்தில் ஏறக்குறைய 9,000 பங்குகள் இருந்தன. கறுப்புச் சாவு என்று பெயர் பெற்ற பெருங்கொள்ளை நோய்க்கு முன் நாட்டின் மக்கள்தொகை 50 லட்சம் அளவில் இருந்திருக்கலாம். 15-ஆம் நூற்றாண்டில் அதில் பாதிதான். அப்படியானால் ஒரு பங்கு என்பது சராசரியாகச் சில நூறு பேர். ஒருவருக்கொருவர் எல்லாரையும் தெரிந்த அளவு. பங்குக் கோயிலில் பீடம் இருக்கிற பகுதியைப் பராமரிப்பது பங்குக் குருவின் பொறுப்பு. மக்கள் நிற்கிற கூடம், கோபுரம், மணி, விளக்கு, பாத்திரம், பூசை உடை எல்லாம் ஊர் மக்களின் பொறுப்பு. இதற்காக ஊரார் ஆண்டுதோறும் கோயில் காரியஸ்தர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர்கள் வரவு செலவு எழுதினார்கள், ஊரார் முன் கணக்கு ஒப்பித்தார்கள். பணம் தேவைப்பட்டால் கோயிலுக்காக பீர் காய்ச்சி, ஊரையே கூப்பிட்டு விற்று, ஆட்டம் பாட்டத்தோடு நிதி திரட்டினார்கள். எளிய மனிதர்கள் பொதுப்பணத்தைக் கையாளவும் கூட்டாக முடிவெடுக்கவும் பழகிய இடம் அது.

ஞாயிறு பூசை லத்தீனில் நடந்தது. ஊராருக்கு லத்தீன் புரியாது. அதனால் அவர்கள் வெறும் பார்வையாளர்கள் என்று நினைத்தால் தவறு. பூசையின் உச்சம், குரு அப்பத்தை எழுந்தேற்றம் செய்யும், அதாவது எல்லாரும் பார்க்க உயர்த்திக் காட்டும் நொடி. மணி அடிக்கும்; தலை குனிந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பெரும்பாலானவர்கள் நற்கருணை, அதாவது இயேசுவின் உடலாக மாறியதாக நம்பப்படும் அந்த அப்பம், வாங்குவது ஆண்டுக்கு ஒருமுறை, உயிர்ப்புத் திருநாளில் மட்டும். 1215-இல் நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் என்ற திருச்சபை மாநாடு, ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்து நற்கருணை வாங்க வேண்டும் என்று விதித்தது. அந்தக் குறைந்தபட்சமே வழக்கமாகிவிட்டது. மற்ற ஞாயிறுகளில் நற்கருணையின் இடத்தில் கிடைத்ததுதான் மந்திரித்த ரொட்டி. வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து ஒவ்வொரு குடும்பமும் ரொட்டி கொண்டுவரும். குரு அதை மந்திரித்து, வெட்டி, எல்லாருக்கும் கொடுப்பார். கூடவே ஒரு சிறு பலகையை எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக முத்தமிடுவார்கள். சமாதான முத்தத்தின் அடையாளம் அது. யார் முதலில் முத்தமிடுவது என்பதில் சண்டை வந்ததும் உண்டு. ஊரின் ஒற்றுமையும் ஊரின் படிநிலையும் ஒரே பலகையில் தெரிந்தன.

பிறப்பிலிருந்தே இது தொடங்கிவிடும். குழந்தை பிறந்த அன்றோ மறுநாளோ ஞானஸ்நானம். ஆண் குழந்தைக்கு இரண்டு ஞானத்தகப்பன்மார், ஒரு ஞானத்தாய். பெண் குழந்தைக்கு நேர்மாறாக. இந்த ஞான உறவு ரத்த உறவுக்குச் சமம். ஞானத்தகப்பன் வீட்டில் பெண் எடுக்க முடியாது. குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், அதுவும் ஆங்கிலத்தில். அதனால் குருமார் இந்த வாசகத்தை ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். குருத்துவம் முழுக்க ஆண்களிடம் இருந்த ஓர் அமைப்பில், ஓர் ஆன்மாவுக்கு மோட்ச வாசலைத் திறக்கும் அதிகாரம் பின்னிரவில், பிரசவ அறையில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கையில் இருந்தது.

ஆண்டின் ஓட்டத்தையும் கோயில்தான் வகுத்தது. தவக்காலத்தில் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. ஞாயிறுகள் போக ஆண்டுக்கு 40, 50 திருநாட்கள் ஓய்வு. கோடையின் தொடக்கத்தில் சிலுவையும் கொடிகளும் ஏந்தி ஊர் எல்லையைச் சுற்றி வருவார்கள். பயிர் விளைய வேண்டுதலும் ஆச்சு, எது நம் ஊர் எது பக்கத்து ஊர் என்று இளசுகளுக்குக் காட்டியதும் ஆச்சு. யார்க் நகரத்தில் நற்கருணைத் திருநாள் அன்று விடியற்காலையிலேயே தொடங்கி, தொழிற்குழுக்கள் வண்டிமேடைகளில் பைபிள் கதைகளைத் தெருத்தெருவாக நடித்துக் காட்டினார்கள். இந்த நாடகங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் குறிப்பு 1376-இல் வருகிறது. நோவாவின் பேழையைக் கட்டும் காட்சி கப்பல் தச்சர்களுடையது. கடைசி இராவுணவு ரொட்டி சுடுகிறவர்களுடையது. இயேசுவைச் சிலுவையில் அறையும் காட்சியை ஊசி, ஆணி செய்கிறவர்கள் நடித்தார்கள். தான் அன்றாடம் செய்கிற ஆணிதான் அந்தக் கையில் இறங்குகிறது என்பது நடித்தவனுக்கும் தெரியும், பார்த்தவனுக்கும் தெரியும். இதைவிட வலிமையான பிரசங்கம் இருக்க முடியாது.

சரி, இவ்வளவு பெரிய அமைப்பை ஓட்டிய எரிபொருள் எது? என் கணிப்பில், அது சாவு. இன்னும் துல்லியமாகச் சொன்னால், உத்தரிக்கும் ஸ்தலம். தமிழ்க் கத்தோலிக்கப் பெரியவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். நேரே மோட்சம் போகிற அளவு புண்ணியவான் அல்ல, நரகத்துக்குப் போகிற அளவு பாவியும் அல்ல. பெரும்பாலான மனிதர்கள் இந்த நடுத்தர வகை. இவர்கள் இறந்தபின் மீதிப் பாவக்கடனை நெருப்பில் வெந்து தீர்க்கும் இடம் அது. அங்கே கிடப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே உதவ முடியாது. உயிரோடு இருப்பவர்களின் செபமும் பூசையும் தருமமும் மட்டுமே அவர்களின் தவணையைக் குறைக்கும். இறந்த உன் அம்மா இந்த நிமிடம் நெருப்பில் தவித்துக்கொண்டிருக்கிறாள், உன்னால் அதைக் குறைக்க முடியும் என்று உண்மையாகவே நம்புகிற ஒரு மனிதன் என்ன செய்வான்? இருப்பதை எல்லாம் கொடுப்பான்.

கொடுத்தார்கள். ஏழாம் ஹென்றி மன்னர் தன் ஆன்மாவுக்காக 10,000 பூசைகள் வைக்கச் சொல்லி உயில் எழுதினார். வசதியானவர்கள், தங்களுக்காகத் தினமும் பூசை வைக்க ஒரு குருவை நிலையாக நியமித்து, அவருக்கு நிலமும் வாடகையும் ஒதுக்கினார்கள். இப்படிப்பட்ட ஆன்ம பூசை அறக்கட்டளைகள் நாடு முழுவதும் 2,000-க்கு மேல் இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியும், 1438-இல், பிரெஞ்சுப் போர்களில் மாண்டவர்களின் ஆன்மாக்களுக்காகச் செபிக்க நிறுவப்பட்டதுதான். பெயரே சகல ஆன்மாக்கள். சஃபோக்கில் லாங் மெல்ஃபர்ட் என்ற கம்பளித் துணி ஊருக்குப் போனால், பிரமாண்டமான கோயிலின் வெளிச்சுவரில் கல்லெழுத்துகளைப் பார்க்கலாம். கட்டக் காசு கொடுத்தவர்களின் பெயர்கள், அவர்கள் ஆன்மாவுக்காகச் செபியுங்கள் என்ற வேண்டுகோளோடு. அதைப் புகழ் தேடும் கல்வெட்டாகப் படிக்கக்கூடாது. தெருவில் போகிற யாரோ ஒருவர் ஒரு நிமிடம் நின்று ஒரு செபம் சொல்லிவிட்டுப் போக மாட்டாரா என்ற ஏக்கம் அது.

தினப் பூசைக்கு வசதி இல்லாதவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். ஒரு புனிதரின் பெயரில், ஆண்டுச் சந்தா கட்டி, ஆணும் பெண்ணும் சேர்ந்த சகோதர சங்கங்கள். 1388-இல் இரண்டாம் ரிச்சர்டின் அரசாங்கம் இவற்றைப் பற்றிக் கணக்குக் கேட்டபோது வந்த பதில்களில் 500 அளவில் இன்றும் இருக்கின்றன. புனிதரின் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, மெழுகுத்திரி, ஆண்டு விருந்து, உறுப்பினர் இறந்தால் எல்லாரும் அடக்கத்துக்கு வருவது, ஏழை உறுப்பினரின் அடக்கச் செலவைச் சங்கமே ஏற்பது. சில சங்கங்கள் நோயிலோ விபத்திலோ நொடித்துப்போன உறுப்பினருக்கு வாரப்படியும் கொடுத்தன. அதற்கும் வழியில்லாத ஏழைக்கு இருந்தது பெயர்ப்பட்டியல். கோயிலுக்கு ஏதாவது கொடுத்திருந்தால், அது ஒரு மெழுகுத்திரிக்கான காசாக இருந்தாலும், பெயர் அந்தப் பட்டியலில் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை குரு அதை முழுவதுமாக உரக்க வாசிப்பார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு விதவையின் பெயர் அவள் ஊரில் ஒலிக்கும். அவள் ஊரின் உறுப்பினராகவே நீடித்தாள்.

இந்த அன்பின் மறுபக்கம் வரி. தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒன்று. கோதுமை, வைக்கோல் போன்றவை பெரிய தசமபாகம். ஆட்டுக்குட்டி, கம்பளி, முட்டை, தேன் எல்லாம் சிறிய தசமபாகம். பத்தாவது கதிர்க்கட்டு வயலிலேயே ஒதுக்கி வைக்கப்படும். தன் கோழி இட்ட முட்டையில் கூடப் பங்கு போகிறது என்றால் யாருக்கும் எரியத்தான் செய்யும். ஆனால் அந்தக் காலத்து உயில்களைப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே வரி வருகிறது: நான் மறந்துபோன தசமபாகங்களுக்காகப் பெரிய பீடத்துக்கு இவ்வளவு காசு. வாழும்போது முணுமுணுத்தவர்கள் சாகும்போது கணக்குத் தீர்த்துவிட்டுப் போகவே விரும்பினார்கள்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரு பங்கின் வருமானத்தையே துறவு மடம் ஒன்று தனக்கு எழுதி வாங்கிக்கொள்ள முடியும். அப்போது பெரிய தசமபாகம் எங்கோ இருக்கிற மடத்துக்குப் போய்விடும். ஊரில் சிறிய தசமபாகத்தோடு ஒரு துணைக்குரு காலம் தள்ளுவார். 16-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பங்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றின் நிலை இது. இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த எந்தக் காரணமும் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. ஊர் மக்கள் தங்கள் குருவுக்கென்று கொடுத்தது அது.

சாவு வரியும் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் இறந்தால் நல்ல மாடு பண்ணையாருக்கு. அடுத்த நல்ல மாடோ சிறந்த உடையோ பங்குக் குருவுக்கு. துக்க வீட்டிலிருந்து இதை ஓட்டிக்கொண்டு போவார்கள். 1511-இல் லண்டனில் ரிச்சர்ட் ஹன் என்ற துணி வியாபாரியின் ஐந்து வாரக் குழந்தை ஸ்டீவன் இறந்தது. வொயிட்சேப்பல் பங்குக் குரு, குழந்தையைப் போர்த்தியிருந்த துணியைச் சாவு வரியாகக் கேட்டார். ஐந்து வாரக் குழந்தைக்கு ஏது சொத்து என்று ஹன் மறுத்துவிட்டார். திருச்சபை நீதிமன்றத்தில் குரு வழக்குப் போட்டார். ஹன் அடங்கவில்லை. வெளிநாட்டு அதிகாரத்துக்கு நாட்டு மக்களை இழுப்பதைத் தடுக்கும் 14-ஆம் நூற்றாண்டுச் சட்டத்தைக் காட்டி, அரசரின் நீதிமன்றத்தில் எதிர்வழக்குப் போட்டார். கடைசியில் பதிதன், அதாவது திருச்சபையின் போதனையை மறுப்பவன் என்ற குற்றச்சாட்டில் அவரை லண்டன் ஆயரின் (பிஷப்பின்) சிறையில் அடைத்தார்கள். 1514 டிசம்பரில் அங்கே தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். இது கொலை என்று மரண விசாரணை நடுவர் குழு தீர்மானித்தது. திருச்சபையோ அவருடைய பிணத்தைப் பதிதன் என்று தீர்ப்பிட்டு எரித்தது. 1529-இல் நாடாளுமன்றம் சாவு வரிக்குக் கட்டுப்பாடு போட்டது. ஏழைகள் அடியோடு விலக்குப் பெற்றார்கள். ஒரு சிறு துணிக்காகத் திருச்சபை லண்டன்காரர்களிடம் இழந்த நம்பிக்கை பெரியது.

ஹன் சிக்கிய அந்தத் திருச்சபை நீதிமன்றம் எல்லார் வாழ்க்கையிலும் குறுக்கிட்டது. கல்யாணம், உயில், அவதூறு, விபசாரம், கொடுத்த வாக்கை மீறுவது எல்லாமே அங்கேதான். உயில் விவகாரம் 1858 வரைக்கும் அவர்கள் கையில் இருந்தது. கல்யாணச் சட்டம் வியப்பானது. ஆணும் பெண்ணும் மனமொத்து, உன்னை இப்போது என் மனைவியாக ஏற்கிறேன், கணவனாக ஏற்கிறேன் என்று சொல்லிக்கொண்டால் போதும், கல்யாணம் முடிந்தது. குரு வேண்டாம், சாட்சி வேண்டாம், பெற்றோர் சம்மதமும் வேண்டாம். அப்படிச் செய்வது பாவம்தான், தண்டனையும் உண்டு. ஆனால் கல்யாணம் செல்லும். அதனால் வயல்வெளியிலும் அடுக்களையிலும் நடந்த கல்யாணங்களைப் பற்றிய வழக்குகள் யார்க் நீதிமன்றப் பதிவுகளில் நிறைந்து கிடக்கின்றன. அவன் சொன்னான், இல்லை சொல்லவில்லை என்று. நான் இதைத் திருச்சபையின் பெரிய கொடையாகவே பார்க்கிறேன். அப்பனும் பண்ணையாரும் முடிவு செய்கிற காலத்தில், பெண்ணின் வாயிலிருந்து வரும் சம்மதச் சொல் இல்லாமல் கல்யாணம் இல்லை என்று சட்டம் சொன்னது.

தண்டனை என்றால் பெரும்பாலும் அவமானம். உள்ளாடை மட்டும் அணிந்து, வெறுங்காலோடு, கையில் மெழுகுத்திரி ஏந்தி, ஞாயிறு பவனியின் முன்னால் ஊரார் பார்க்க நடக்க வேண்டும். அடங்காதவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்குவார்கள். 40 நாள் கழிந்தும் இறங்கி வராவிட்டால் அரசரின் அதிகாரியே வந்து பிடிப்பார். அதே திருச்சபை அரசரின் கையிலிருந்து காப்பாற்றவும் செய்தது. கொலை செய்தவன்கூட ஓடிப்போய் ஒரு கோயிலுக்குள் புகுந்துவிட்டால் 40 நாள் யாரும் தொட முடியாது. பிறகு நாட்டை விட்டு வெளியேறுவதாகச் சத்தியம் செய்து துறைமுகம் நோக்கி நடக்கலாம். 1470-இல் அரசியான எலிசபெத் உட்வில்லே இப்படி வெஸ்ட்மின்ஸ்டரில் அடைக்கலம் புகுந்தார். பின்னாளில் ஐந்தாம் எட்வர்ட் ஆன குழந்தை அங்கேதான் பிறந்தது. குருமாருக்கான தனிச்சலுகையையும் சொல்ல வேண்டும். குருவாக இருப்பவரைத் தூக்கிலிட முடியாது. குரு என்பதற்குச் சோதனை வாசிக்கத் தெரிவது. ஐம்பத்தொன்றாம் சங்கீதத்தின் முதல் வசனத்தை லத்தீனில் வாசித்துக் காட்டினால் கயிற்றிலிருந்து தப்பலாம். குருவே அல்லாத பலர் மனப்பாடம் செய்து தப்பினார்கள். அதனால் 1489-இல் ஒரு சட்டம் வந்தது. குருப்பட்டம் பெறாதவனுக்கு ஒருமுறைதான் சலுகை. கட்டைவிரலில் சூடு போட்டு அடையாளம் வைத்துவிடுவார்கள்.

அரசாங்கமே குருமார் இல்லாமல் ஓடவில்லை. நாட்டு நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு திருச்சபையிடம் இருந்தது. நாடாளுமன்றத்தின் மேலவையில் ஆயர்களும் மடாதிபதிகளும் பல சமயம் பிரபுக்களைவிட அதிகம். அரசரின் தலைமை அமைச்சர் பதவியில் பெரும்பாலும் ஆயர்களே இருந்தார்கள். ஆயர் பதவியின் வருமானம் அவர்களுக்குச் சம்பளம் மாதிரி. வில்லியம் ஆஃப் வைக்கம் அப்படி இரண்டு முறை அமைச்சராக இருந்து சம்பாதித்ததில் ஆக்ஸ்ஃபோர்டில் நியூ கல்லூரியையும் வின்செஸ்டர் பள்ளியையும் கட்டினார். சைமன் சட்பரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேன்டர்பரி பேராயரான அவர், ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி விதிக்கப்பட்ட காலத்தில் அமைச்சராகவும் இருந்தார். 1381 ஜூன் 14 அன்று கிளர்ச்சிக்காரர்கள் அவரை லண்டன் கோபுரத்துச் சிற்றாலயத்திலிருந்து இழுத்து வந்து தலையை வெட்டினார்கள். அவருடைய மண்டை ஓடு சொந்த ஊரான சட்பரியின் செயின்ட் கிரிகரி கோயிலில் இன்றும் இருக்கிறது. அவர்கள் கொன்றது வரி போட்ட அமைச்சரை. அந்தக் கிளர்ச்சியின் குரலாக இருந்த ஜான் பால் ஒரு குரு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பின்னணியில் கொள்ளை நோயின் நிழல் இருக்கிறது. 1348 கோடையில் டோர்செட் கரையில் இறங்கிய நோய் ஒன்றரை ஆண்டில் மக்களில் பாதிப் பேரைக் கொண்டுபோனது. ஏறக்குறைய ஓராண்டில் கேன்டர்பரி மூன்று பேராயர்களை இழந்தது. நோயாளியின் படுக்கைக்கே போக வேண்டிய பங்குக் குருமார் ஊராரோடு சேர்ந்து செத்தார்கள். 1349 ஜனவரியில் பாத் அண்ட் வெல்ஸ் ஆயர் ரால்ஃப் தன் மறைமாவட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். குரு கிடைக்காவிட்டால் சாகிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்யட்டும். ஆண் கிடைக்காவிட்டால் பெண்ணிடமே செய்யட்டும் என்று. அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. பிழைத்த குருமாருக்குக் கிராக்கி கூடியது. குறைந்த சம்பளப் பங்குகளை விட்டுவிட்டு ஆன்ம பூசை வேலைகளுக்குப் போனார்கள். பேராயர் இஸ்லிப் 1350-இல் அவர்கள் சம்பளத்துக்கு வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. உழவர் கூலிக்கு அரசர் வரம்பு கட்டிய அதே காலம் அது.

ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் விக்லிஃப் 1370-களில் இன்னும் ஆழமாகக் கேட்டார். பாவத்தில் இருக்கும் குருவுக்குச் சொத்து எதற்கு? அப்பம் உண்மையிலேயே மாறுகிறதா? அவரைப் பின்பற்றியவர்களை லொல்லார்டுகள் என்றார்கள். 1401-இல் பதிதரை எரிக்கச் சட்டம் வந்தது. முதலில் எரிந்த வில்லியம் சாட்ரே ஒரு குரு. 1409-இல் பேராயர் அருண்டெல், அனுமதி இல்லாமல் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்ப்பதைத் தடை செய்தார். ஆனாலும் விக்லிஃப் வட்டத்தினர் பெயர்த்த பைபிளின் கையெழுத்துப் பிரதிகள் 250 அளவில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை வைத்திருந்தவர்கள் திருச்சபைக்கு அடங்கிய சாதாரண பக்தர்கள். தங்கள் மொழியில் வேதத்தைப் படிக்க ஆசைப்பட்டவர்களுக்கு எதிரிப் பட்டம் கட்டியது திருச்சபை செய்த மிகப் பெரிய தவறு என்பேன். லொல்லார்டுகள் எண்ணிக்கையில் சிறு கூட்டம்தான். 1414-இல் அவர்கள் கிளர்ச்சி ஒரே இரவில் முடிந்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் மக்கள் கோயில்களை இடித்துக் கட்டினார்கள், உயரமாக்கினார்கள், வண்ணக் கண்ணாடி போட்டார்கள்.

லிங்கன்ஷயரில் உள்ள லவுத் ஊரைப் பாருங்கள். 1515-இல் ஊரார் தங்கள் கோயிலின் கூர்ங்கோபுரத்தைக் கட்டி முடித்தார்கள். உயரம் ஏறக்குறைய 90 மீட்டர். உச்சியில் காற்றுச் சேவல் ஏறிய நாளில் எல்லா மணிகளையும் அடித்து, ஊருக்கே ரொட்டியும் பீரும் கொடுத்தார்கள். 1536 அக்டோபர் 1 அன்று, ரோமோடு உறவை முறித்துக்கொண்ட அரசர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் சிறு மடங்களை மூடிக்கொண்டு வந்த வேளையில், தங்கள் கோயிலின் வெள்ளிச் சிலுவைகளும் போய்விடும் என்று பயந்து, அதே ஊர்தான் முதலில் கிளர்ந்து எழுந்தது. அது வடக்கு முழுவதும் பரவியது. எட்டாம் ஹென்றி அதை அடக்கினார். 1540-க்குள் 800-க்கும் மேற்பட்ட துறவு இல்லங்கள் மூடப்பட்டன. செயின்ட் ஆல்பன்ஸ் மடமும் அதில் ஒன்று.

மடங்கள் போனதைவிட ஊர்களை உலுக்கியது 1547-இல் வந்த சட்டம். உத்தரிக்கும் ஸ்தலம் என்ற நம்பிக்கையே தவறு என்று அறிவித்து, ஆன்ம பூசை அறக்கட்டளைகளையும் சகோதர சங்கங்களின் நிதியையும் அது அரசுடைமை ஆக்கியது. இது ஒரு சிற்றூருக்கு என்ன செய்தது என்பது டெவனின் மோர்பாத் என்ற ஊரின் கோயில் கணக்குப் புத்தகத்தில் தெரிகிறது. முப்பது சொச்சம் குடும்பங்கள். 1520 முதல் 1574-இல் சாகும்வரை அங்கே ஒரே குரு, கிறிஸ்டபர் டிரிக்கே. கணக்குகளைத் தன் கையாலேயே எழுதி, ஊரார் முன் வாசித்தவர். அந்தக் கோயிலுக்குச் செம்மறியாடுகள் இருந்தன. ஆளுக்கு ஒன்றிரண்டாக ஊரார் தங்கள் ஆடுகளோடு சேர்த்து மேய்த்து, கம்பளி விற்ற காசில் புனிதர்களின் முன் விளக்கு எரித்தார்கள். இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்கள்.

டிரிக்கேக்கு ஓர் ஆசை. இறந்தோருக்கான பூசைக்குக் கறுப்பு உடைகள் வேண்டும். ஏழை ஊரில் அது பெரிய செலவு. தனக்கு வர வேண்டிய சிறு தசமபாகத்திலிருந்தும், ஊரார் விட்டுப்போன சிறு சிறு காணிக்கைகளிலிருந்தும் 20 ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தார். 1547-இல் உடைகள் வந்து சேர்ந்தன. அதே ஆண்டில் அந்தச் சட்டமும் வந்தது. விளக்குகள் அணைந்தன, ஆடுகள் விற்கப்பட்டன, பெயர்ப்பட்டியல் வாசிப்பது நின்றது. 1549-இல் புதிய வழிபாட்டுப் புத்தகத்தை எதிர்த்து மேற்கு நாடு கிளர்ந்தபோது மோர்பாத் தன் செலவில் ஐந்து இளைஞர்களை எக்ஸிட்டர் முகாமுக்கு அனுப்பியது. அதையும் டிரிக்கே கணக்கில் எழுதியிருக்கிறார்.

1553-இல் கத்தோலிக்கரான மேரி அரியணை ஏறினார். பழைய பூசை திரும்பியது. அப்போது மோர்பாத் வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் சுரூபம் ஒன்றின் பாகத்தை, இன்னொருவர் பூசை உடையை, வேறொருவர் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசரின் ஆட்கள் எல்லாவற்றையும் அள்ளியபோது சத்தமில்லாமல் எடுத்துப் பரணிலும் பெட்டியிலும் வைத்திருந்தவை. எது யார் வீட்டிலிருந்து வந்தது என்று டிரிக்கே கணக்குப் புத்தகத்தில் பெயர் சொல்லி எழுதி வைத்தார்.